வாசகர் கேள்வி – பதில்: ஏழு பேர் குடும்பத்துக்கு எந்த கேம்பர், எந்த வண்டி?

பள்ளி விடுமுறை நெருங்குவதாலோ என்னவோ, ஆஸ்திரேலியாவில் வாழும் நம் வாசகர்களிடமிருந்து இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கேரவனைப் பற்றியும் அதை இழுக்கும் வண்டியைப் பற்றியுமே இருந்தன. அவற்றுள் ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன். முதல் கடிதத்துக்கான பதில் நீளமானது. பெரிய குடும்பத்தோடு புறப்படும் எவரும் அதை ஒருமுறை முழுமையாகப் படித்துவிடுவது நல்லது.

கேள்வி: எங்கள் வீட்டில் ஏழு பேர்: கணவர், நான், 15, 11, 8, 3 வயதுகளில் நான்கு பிள்ளைகள், எங்களோடு வசிக்கும் 68 வயது மாமியார். மூன்றடுக்குப் படுக்கை வைத்த 22 அடி கேரவன் ஒன்றைக் கடையில் பார்த்தோம். அதன் தகட்டில் உச்ச எடை 3200 கிலோ என்று இருக்கிறது. 3500 கிலோ இழுக்கும் எந்த ஏழு இருக்கை டீசல் வண்டியும் இதற்குப் போதும் என்கிறார் விற்பனையாளர். கணவருக்கு இசூஸு எம்.யு-எக்ஸ் பிடித்திருக்கிறது. இரண்டுக்கும் முன்பணம் கட்டிவிடலாமா?
– வாசகி, டூங்காபி, சிட்னி

பதில்: இப்போது கட்ட வேண்டாம். விற்பனையாளர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது இருவர் மட்டும் போகும் வண்டிக்குச் சொல்ல வேண்டிய பதில். உங்களுடையது ஏழு பேர் ஏறும் வண்டி. 3500 என்ற எண்ணைப் பார்த்து வண்டியைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் பிறகு எடைமேடையில் நின்று கலங்குவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். வண்டியின் இழுக்கும் திறன் தீர்வதற்கு வெகுமுன்பே அதன் சுமக்கும் திறன் தீர்ந்துவிடுவதுதான் பெரிய குடும்பங்களின் சிக்கல்.

நான்கு எண்களைப் புரிந்துகொள்ளுங்கள். வண்டி, அதற்குள் இருப்பவர்கள், சாமான்கள், பின்னே டோ பாலில் (கேரவனைப் பூட்டும் உருண்டைக் கொக்கியில்) அழுந்தும் பாரம் ஆகிய அனைத்தும் சேர்ந்து தாண்டக் கூடாத எடை ஜி.வி.எம். வண்டியும் கேரவனும் சேர்ந்து தாண்டக் கூடாத எடை ஜி.சி.எம். சாமான்களோடு கேரவன் மட்டும் தாண்டக் கூடாதது ஏ.டி.எம்., நீங்கள் தகட்டில் பார்த்த 3200 அதுதான். நான்காவது, கேரவனின் முன்முனை வண்டியின் கொக்கியின் மேல் அழுத்தும் எடை. இதை டோ பால் எடை என்பார்கள். ஆஸ்திரேலியக் கேரவன்களில் இது மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இருப்பது வழக்கம். இந்த நான்காவது எண்ணைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். கேரவனின் எடையில் ஒரு பகுதி உங்கள் வண்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதையும், வண்டியைப் பொறுத்தவரை அதுவும் ஏறிக்கொண்ட பயணிகளைப் போன்ற பாரமே என்பதையும் யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நான்கு சக்கர உந்துதல் கொண்ட உயர்வகை எம்.யு-எக்ஸின் ஜி.வி.எம். 2800 கிலோ, வண்டியின் சொந்த எடை சுமார் 2180. ஆகவே அது சுமக்கக்கூடியது ஏறக்குறைய 620 கிலோ. உங்கள் எடைகள் எனக்குத் தெரியாது என்பதால் நானாக ஓர் உத்தேசம் வைக்கிறேன்: கணவர் 84, நீங்கள் 66, பிள்ளைகள் முறையே 58, 38, 26, 14, மாமியார் 62. ஆக மொத்தம் 348. டோ பாரும் (டோ பாலைப் பொருத்தும் இரும்புச் சட்டம்) அதன் இணைப்புகளும் 35, சிறிய பிள்ளைகளின் இருக்கைகள் 13, கைப்பைகள், தண்ணீர்ப் போத்தல்கள், குளிர்பெட்டி என்று வண்டிக்குள்ளேயே இருப்பவை 55. கூட்டினால் 451. இதன் மேல் 3200 கிலோ கேரவனின் டோ பால் எடையாக 320-ஐச் சேர்த்தால் 771 ஆகிறது. அனுமதி 620 இருக்கும் இடத்தில் 151 கிலோ கூடுதலாக ஏற்றிக்கொண்டு, பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் இறங்கப் போகிறீர்கள். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்றாக இருக்கும்.

இது இசூஸுவின் குறையல்ல. அது நல்ல, நம்பகமான வண்டி. இதே அளவில் விற்கும் ஏழு இருக்கை வண்டிகள் பெரும்பாலானவற்றில் இந்தக் கணக்கு இப்படித்தான் முடியும். உச்சத் திறனான 3500-ஐயே இழுக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் நிலைமை இன்னும் இறுகும். அதன் ஜி.சி.எம். 5900 ஆகையால் வண்டியின் பங்குக்கு 2400-தான் மிஞ்சும். அதில் வண்டியின் சொந்த எடை போக ஆட்களுக்கும் சாமானுக்கும் கிடைப்பது 220 கிலோ. விளம்பரத்தில் 3500 என்பது பெரிய எழுத்தில் இருக்கும், இந்த 220 எங்கும் இருக்காது.

இன்னொன்றும் உண்டு. டோ பால் இருப்பது பின்சக்கரங்களுக்குப் பின்னால், ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி. துலாக்கோலைப் போல அது வண்டியின் பின்பக்கத்தை அழுத்தி முன்பக்கத்தைத் தூக்கும். முன், பின் அச்சுகளுக்கு நடுவே 2.85 மீட்டரும், பின் அச்சிலிருந்து டோ பாலுக்கு 1.2 மீட்டரும் இருக்கும் ஒரு வண்டியில் 320 கிலோ பாரம் பின் அச்சில் 450 கிலோவுக்கு மேல் ஏற்றி, முன் அச்சிலிருந்து 130 கிலோவுக்கு மேல் இறக்கிவிடும். திருப்புவதும் பெரும்பகுதி பிரேக் பிடிப்பதும் முன்சக்கரங்கள்தாம். மூன்றாம் வரிசையில் ஆட்கள் அமர்ந்தால் அவர்களின் எடையும் அந்தப் பின் அச்சின் மேலேயே விழும். எடையைப் பகிரும் கொக்கி ஒன்று பூட்டினால் முன்பக்கத்துக்குக் கொஞ்சம் பாரம் திரும்பும், ஆனால் எந்தக் கொக்கியும் ஜி.வி.எம்-ஐக் கூட்டித் தராது. உரிய சான்றிதழோடு ஸ்பிரிங்குகளை மாற்றி ஜி.வி.எம்-ஐ உயர்த்தும் வழி உண்டு. அதைச் செய்தாலும் ஜி.சி.எம். தானாக உயர்ந்துவிடாது என்பதால், அதை முதல் வழியாக நான் பரிந்துரைப்பதில்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்? மூன்று பாதைகள் இருக்கின்றன. நான் முதலாவதைத்தான் உங்களுக்குச் சொல்வேன்.

கேரவனைச் சிறிதாக்குங்கள். மேற்கூரையைத் தூக்கி, இருபுறமும் படுக்கைகளை இழுத்து நீட்டும் விரியும் கேம்பர்களில், இரண்டு இரட்டைப் படுக்கைகளும், நடுவே மேசையைத் தாழ்த்தினால் இன்னொரு படுக்கையும் கிடைக்கும். மெல்போர்னில் தயாராகும் ஜேக்கோ நிறுவனத்தின் கேம்பர்கள் இவ்வகையில் பரவலாகக் கிடைப்பதால், பழைய வண்டிகளும் உதிரிப் பாகங்களும் எளிதில் கிடைக்கும். சாமான்களோடு 1500 கிலோவுக்குள் நிற்கும் ஒன்றை எடுத்தால் டோ பால் எடை ஏறத்தாழ 150. மேற்படி 451-உடன் சேர்த்தால் 601. கணவருக்குப் பிடித்த அதே எம்.யு-எக்ஸ், அனுமதிக்குள், ஆனால் நூலிழை இடைவெளியில்தான் நிற்கிறது. 15 வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் தனிக் கூடாரம் போட்டுக் கொடுங்கள். அந்த வயதில் தனக்கென்று ஒரு கூடாரம் கிடைப்பதை எந்தப் பிள்ளையும் தண்டனையாக நினைக்காது.

மாமியாருக்கு நீங்கள் கேம்பரை நிறுத்தித் தங்கும் அதே கேரவன் பூங்காவில் ஒரு கேபின் (வாடகைக் குடில்) எடுங்கள். இதை ஆடம்பரம் என்று எண்ண வேண்டாம். முழங்கால் வலியோடு ஒருவர் இரவு இரண்டு மணிக்குக் குறுகிய படியில் இறங்கி, ஈரப் புல்லில் கழிப்பறை வரை நடப்பது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். என் தாயார் எங்களோடு வந்த முதல் பயணத்தில், எழுந்து போக வேண்டியிருக்குமே என்ற தயக்கத்தில் மாலை ஐந்து மணிக்குப் பிறகு தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார். மூன்றாம் நாள் தலைசுற்றி உட்கார்ந்தபோதுதான் எங்களுக்கு அது தெரிந்தது. அடுத்த பயணத்திலிருந்து அவருக்குக் கேபின்தான். பேரப்பிள்ளைகளில் ஒருவர் முறை வைத்து அவரோடு தூங்குவார்கள். பல பூங்காக்களில் ஒரு கேரவன் நிறுத்துமிடத்தில் இத்தனை பேர்தான் தங்கலாம் என்ற வரம்பும் இருப்பதால், ஏழு பேருக்குக் கேபின் அந்தச் சிக்கலையும் தீர்க்கும். பெரிய கேரவனுக்கும் சிறிய கேம்பருக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் பல ஆண்டுகளுக்குக் கேபின் வாடகை கட்டலாம்.

இரண்டாவது பாதை, பெரிய கேரவன்தான் வேண்டும் என்று மனம் பிடிவாதமாக இருந்தால், அதற்குரிய பெரிய வண்டி. நிசான் பேட்ரோல் ஒய்62-இன் ஜி.வி.எம். 3500, ஜி.சி.எம். 7000. அடிப்படை வகையில் எட்டு இருக்கைகள். பெரிய பெட்ரோல் வி8 எஞ்சின் என்பதால் கேரவனோடு ஏறும்போது நூறு கிலோமீட்டருக்கு இருபது லிட்டருக்கு மேல் குடிக்கும். டொயோட்டா லேண்ட்குரூசர் 300-இல் ஏழு இருக்கை வகைகள் உண்டு. ஜி.வி.எம். 3280, ஜி.சி.எம். 6750, டீசல் எஞ்சினின் முறுக்குவிசை 700 நியூட்டன் மீட்டர். விலைதான் தடை. இவற்றில்கூட ஏழு பேரும் உட்கார்ந்த பிறகு 2800 கிலோவுக்கு மேல் எடையுள்ள கேரவனை நான் பூட்ட மாட்டேன்.

மூன்றாவது, இரண்டு வண்டிகளில் போவது. உங்களிடம் இப்போதே இரண்டு கார்கள் இருக்குமானால், ஒன்றில் மூன்று பேர் ஏறிக் கேரவனை இழுக்க, மற்றதில் நால்வர் சாமான்களோடு தொடரலாம். எரிபொருள் செலவு கூடும். ஆனால் புதிதாக வண்டி வாங்கும் செலவு மிஞ்சும், போன இடத்தில் கடைக்குப் போக ஒரு வண்டியும் இருக்கும். மோட்டார்ஹோம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஏழு பேருக்கு இருக்கைப் பட்டையோடு கூடியது கிடைப்பது அரிது என்பதால் நானும் அதைத் தொடாமல் விடுகிறேன்.

எந்தப் பாதையானாலும் காரைப் பார்க்கப் போகும்போது மூன்று வயதுக் குழந்தையின் இருக்கையைக் கையோடு எடுத்துப் போங்கள். இங்கே ஆறு மாதம் முதல் நான்கு வயது வரை வார்ப்பட்டையுடன் கூடிய இருக்கை கட்டாயம், அந்த இருக்கைக்கு மேலிருந்து பின்னால் கட்டும் பட்டைக்கு உரிய கொக்கி வேண்டும். ஏழு இருக்கை வண்டிகள் எல்லாவற்றிலும் மூன்றாம் வரிசையில் அந்தக் கொக்கி இருப்பதில்லை. இரண்டாம் வரிசையில் குழந்தை இருக்கை நிலையாகப் பூட்டப்பட்ட பிறகு மூன்றாம் வரிசைக்கு யார், எப்படி ஏறுவார்கள் என்பதைக் கடை வாசலிலேயே பிள்ளைகளை ஏற்றிப் பாருங்கள். மூன்றாம் வரிசையை நிமிர்த்திய பின் பின்னால் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பதையும் பாருங்கள். இரண்டு பள்ளிப் பைகள் வைத்தால் கதவு மூடத் திணறும் வண்டிகள் உண்டு.

அங்கே இடமில்லாத சாமான் எல்லாம் கேரவனுக்குப் போகும், கேரவனுக்கும் ஒரு வரம்பு உண்டு. இரட்டை அச்சுக் கேரவன்களுக்கு 400 கிலோ அளவில் சுமை அனுமதி தருவது வழக்கம். இரண்டு தொட்டிகளில் 95 லிட்டர் வீதம் தண்ணீர் நிரப்பினால் அதில் 190 கிலோ போய்விட்டது. பிறகு ஏழு பேரின் உடை, போர்வை, நாற்காலி, சைக்கிள். நம் வீடுகளில் இதோடு பத்துக் கிலோ அரிசிப் பையும், பிரஷர் குக்கரும், இரும்புத் தோசைக்கல்லும் ஏறும். நான் முதன்முறை பொது எடைமேடைக்குப் போன நாள் இன்னும் கண்முன் நிற்கிறது. அறையிலிருந்த பெண் கண்ணாடிச் சன்னலைத் தள்ளி நீட்டிய சீட்டில், என் கேரவன் அனுமதியைவிட 140 கிலோ கூடுதல் என்றிருந்தது. அங்கேயே ஓரமாக நிறுத்தி ஒவ்வொரு அலமாரியாகத் திறந்தேன். நான்கு பயணங்களாக யாரும் தொடாத கூடார ஆணிப் பெட்டியும், தொட்டி நிறைந்திருக்கையிலேயே கூடுதலாக வைத்திருந்த இருபது லிட்டர்த் தண்ணீர்க் கேன்கள் இரண்டும், ஒரு பெரிய வெங்கல உருளியும் கிடைத்தன. வாங்குவதற்கு முன் அந்தச் சிறிய சீட்டை நீங்கள் கேளுங்கள்: விற்பவர் கேரவனை எடை போட்டுக் காட்டட்டும். தகட்டில் உள்ள வெற்று எடை, பின்னர் பூட்டிய குளிர்சாதனத்தையும் வெளிப்பந்தலையும் இரண்டாம் பேட்டரியையும் சேர்க்காததாக இருக்கலாம்.

முன்பணம் கட்டும் முன் ஒரு விரியும் கேம்பரை வாடகைக்கு எடுத்து ஒரு வார இறுதி ஜெர்விஸ் பே வரை போய் வாருங்கள். மழையில் அதை விரித்து, மழையிலேயே மடித்துப் பார்த்த பிறகும் உங்கள் இருவருக்கும் பிடித்திருந்தால் தயங்காமல் வாங்கலாம்.

கேள்வி: நாங்கள் ஐந்து பிள்ளைகளோடு ஏழு பேர். எங்களிடம் ஏற்கெனவே எட்டு இருக்கை கியா கார்னிவல் இருக்கிறது. வேனால் கேரவன் இழுக்க முடியாது, பெரிய ஜீப் வகை வண்டிதான் வேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வண்டியை மாற்றியே ஆக வேண்டுமா?
– வாசகர், டாண்டினோங், மெல்போர்ன்

பதில்: மாற்ற வேண்டாம். பெரிய குடும்பத்துக்கு உங்கள் கையில் இருப்பது மிகப் பொருத்தமான வண்டிகளில் ஒன்று. கார்னிவலின் மூன்றாம் வரிசை மடங்கி இறங்குவதற்கென்று தரையில் ஓர் ஆழமான குழி இருக்கிறது. இருக்கைகள் நிமிர்ந்திருக்கும்போது அந்தக் குழி முழுவதும் சாமானுக்குக் கிடைக்கும். 627 லிட்டர் இடம் அது. எல்லா இருக்கைகளிலும் ஆட்கள் இருக்கும்போது அவ்வளவு இடம் தரும் ஜீப் வகை வண்டிகள் மிகக் குறைவு.

பெட்ரோல், டீசல் கார்னிவலின் இழுவை வரம்பு, பிரேக் உள்ள டிரெய்லருக்கு 2000 கிலோ. வகைக்கும் ஆண்டுக்கும் ஏற்ப எண்கள் மாறுவதால் உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளதையே எடுத்துக்கொள்ளுங்கள், டோ பால் எடைக்கு அதில் தனி வரம்பு இருக்கும், அதையும் பாருங்கள். முந்தைய பதிலில் போட்ட கூட்டல் கணக்கை உங்கள் ஏழு பேருக்கும் போட்டால், சாமான்களோடு 1300 அல்லது 1400 கிலோவுக்குள் நிற்கும் விரியும் கேம்பர்தான் உங்களுக்கு ஏற்றது என்பது தெரியவரும். 2000 வரை போகலாம் என்று கடைக்காரர் சொன்னாலும் போகாதீர்கள். பிற்காலத்தில் வண்டியை மாற்ற நேர்ந்து, வேனே பிடித்திருந்தால், ஹூண்டாய் ஸ்டாரியா டீசலும் எட்டு இருக்கை கொண்டதுதான். அதன் இழுவை வரம்பு 2500.

ஒரு குறை உண்டு, அதை மறைக்க மாட்டேன். கார்னிவலை முன்சக்கரங்கள்தாம் உந்துகின்றன. டோ பால் பாரம் முன்பக்கத்தை இலேசாக்குவதால், ஈரப் புல்லிலும் மணலிலும் செங்குத்தான மண் பாதையிலும் முன்சக்கரங்கள் பிடிமானம் இல்லாமல் சுழலும். ஆகவே தார்ச்சாலை போகும் இடங்களைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் வீட்டிலிருந்து வில்சன்ஸ் புரொமொன்டரியின் டைடல் ரிவர் வரையும், கிராம்பியன்ஸ் மலையடிவாரத்து ஹால்ஸ் கேப் வரையும் தார்ச்சாலைதான். பிள்ளைகளோடு போக இவற்றைவிட நல்ல இடங்களுக்கு நீங்கள் தொலைவில் தேட வேண்டியதில்லை.

கேம்பர் வாங்கியதும் எல்லாரும் கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மழையில் நனைந்த கேன்வாஸை மடித்தபடியே கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்தினால் சில நாட்களிலேயே கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும், அந்தக் கறை முழுமையாகப் போகாது. திரும்பி வந்த மறுநாளே விரித்துக் காயவிட வேண்டும். அதற்கு வீட்டில் இடம் இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். அடுத்தது சமையல். வெங்காயம், மீன், தாளித வாசனை எல்லாம் கேன்வாஸில் ஏறிவிடும் என்பதால் அடுப்பை வெளியே, பந்தலின் கீழ் வையுங்கள். மழைக்குப் பயந்தோ குளிருக்காகவோ மூடிய கூடாரத்துக்குள் எரிவாயு அடுப்பையோ கரி அடுப்பையோ ஒருபோதும் பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூங்குகிறவர்களை அது எழுப்புவதில்லை.

கேள்வி: புதியது வாங்கப் பணமில்லை. பன்னிரண்டு ஆண்டு பழைய குடும்பக் கேரவன் ஒன்று நல்ல விலைக்கு வந்திருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், ஸ்பிரிங்ஃபீல்டு, பிரிஸ்பேன்

பதில்: தண்ணீரைத்தான். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு. பழைய கேரவன்கள் பலவற்றில் மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு போர்த்தியிருக்கும். சன்னல் ஓரத்திலோ கூரை இணைப்பிலோ பூசிய பசை வெடித்து நீர் உள்ளே போனால், வெளியே பளபளப்பாகவே இருக்க, உள்ளே சட்டம் உளுத்துக்கொண்டிருக்கும். உள்ளே நுழைந்ததும் எதையும் பேசாமல் மூச்சை இழுத்துப் பாருங்கள். புதிதாக வாசனைத் தெளிப்பான் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். மேல் அலமாரிகளைத் திறந்து, சுவரும் கூரையும் சேரும் மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நல்ல பலகை விரலை எதிர்த்து நிற்கும், நீர் குடித்த பலகை நனைந்த அட்டையைப் போல அமுங்கும். முன் சன்னலின் கீழ், படுக்கையைத் தூக்கிவிட்டு அதன் அடியில், தரைவிரிப்பின் ஓரத்தில் இப்படிப் பாருங்கள். ஈரமானி ஒன்று கையில் இருந்தால் இன்னும் நல்லது. மூலை அமுங்கினால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

டயர்களில் தடம் ஆழமாக இருப்பதைக் கண்டு ஏமாறக் கூடாது. கேரவன் டயர் தேய்வதைவிட வெயிலில் நின்றே கெடுகிறது. பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், 2318 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது என்று பொருள். ஏழெட்டு ஆண்டுகளைத் தாண்டியிருந்தால் எல்லா டயர்களுக்கும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள். சக்கர பேரிங்கும் மின்பிரேக்கும் எப்போது கடைசியாகப் பார்க்கப்பட்டன என்பதற்கு ரசீது கேளுங்கள். அச்சுகளின் மேல் ஏறும் எடை 2000 கிலோவைத் தாண்டும் கேரவனாக இருந்தால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருக்க வேண்டும், கொக்கி கழன்றுவிட்டால் தானே பிரேக் பிடிக்கும் கருவியும் கட்டாயம். அந்தக் கருவிக்குரிய சிறிய பேட்டரி செத்துப்போய் யாருமே கவனிக்காமல் இருப்பதை நான் பல முறை கண்டிருக்கிறேன்.

குயின்ஸ்லாந்தில் கேரவனை விற்பவர் எரிவாயு அமைப்புக்கான சான்றிதழைக் கொடுத்தாக வேண்டும், அது இல்லாமல் கைமாற்றாதீர்கள். கேரவனின் அடையாள எண்ணை (வி.ஐ.என்.) வைத்து அரசின் பி.பி.எஸ்.ஆர். பதிவேட்டில் இரண்டு டாலர் கட்டித் தேடினால், அதன் மேல் கடன் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். தேடாமல் வாங்கினால் முந்தைய உரிமையாளரின் கடனுக்கு உங்கள் கேரவன் பறிபோகலாம்.

கேள்வி: கேரவனுக்குள் படுக்கை இருக்கும்போது, ஓடும் வேளையில் பெரிய பிள்ளைகள் இருவரை அங்கே இருக்க வைக்கலாமா? காரில் ஒரு இருக்கை குறைகிறது.
– வாசகி, பெர்த்

பதில்: கூடாது. சட்டமும் அனுமதிக்காது. கேரவனில் இருக்கைப் பட்டை கிடையாது, மோதல் தாங்கும் சட்டம் கிடையாது, உள்ளிருப்பவர் கதறினாலும் ஓட்டுநருக்குக் கேட்காது. இருக்கை குறைகிறது என்றால் அந்தக் கார் உங்கள் குடும்பத்துக்கு உரியதல்ல. அடுத்த வண்டி வரும் வரை ஒருவர் ரயிலிலோ நண்பர் காரிலோ வரட்டும்.

கேள்வி: கேரவன் வாங்கினோம். கணவர் மட்டுமே ஓட்டுகிறார். எனக்கும் உரிமம் இருக்கிறது, ஆனால் பயமாக இருக்கிறது. நான் கற்றுக்கொள்ள வேண்டியது அவசியமா?
– வாசகி, பிளாக்டவுன், சிட்னி

பதில்: மிகவும் அவசியம். ஆளரவமற்ற சாலையில் அவருக்குக் காய்ச்சல் வந்தால் குடும்பத்தை வீட்டுக்குக் கொண்டுவரப் போவது நீங்கள்தான். உங்களிடமுள்ள சாதாரண கார் உரிமமே போதும்.

ஞாயிறு காலையில் காலியாக இருக்கும் ஒரு பெரிய வாகன நிறுத்தத்தில் தொடங்குங்கள். பின்னோக்கி எடுக்கும்போது கையை ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் வையுங்கள். கேரவனின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே கையை நகர்த்தினால் போதும், மேலே பிடித்தால்தான் எல்லாம் தலைகீழாகத் தோன்றும். கோணல் அதிகமாகிவிட்டால் போராடாமல் முன்னே போய் நேராக்கிக்கொண்டு மறுபடியும் வாருங்கள். கணவரை வெளியே, உங்கள் பக்கக் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் அவர் தெரியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

ஓட்டத்தில் அஞ்ச வேண்டியது கேரவன் ஆடுவதற்குத்தான். பல ஆண்டுகளுக்கு முன் ஹியூம் நெடுஞ்சாலையில், கோல்பர்னுக்கு இப்பால், கேரவனின் பின்பம்பரில் நான்கு சைக்கிள்களை மாட்டிக்கொண்டு போனேன். ஒரு நீண்ட லாரி என்னைக் கடந்த மறுகணம் பக்கக் கண்ணாடியில் கேரவனின் பின்மூலை தெரிந்தது, மறைந்தது, மறுபக்கக் கண்ணாடியில் தெரிந்தது. ஸ்டீயரிங் என் கையில் இலேசாகிவிட்டது. பின்னிருக்கையில் என் மகள் பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினாள். காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டு, கார் பிரேக்கைத் தொடாமல், டாஷ்போர்டிலிருக்கும் பிரேக் கன்ட்ரோலரின் பொத்தானைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினேன். கேரவனின் பிரேக் மட்டும் பிடித்து, பின்னிருந்து வண்டியை நேராக இழுத்து நிறுத்தியது. அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது பார்க்காமலேயே உங்கள் விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கனமானவற்றைத் தாழ்வாக, அச்சுகளுக்கு அருகில் அடுக்குங்கள். பின்முனையில் எதையும் தொங்கவிட வேண்டாம். யு.எச்.எஃப். வானொலியை (வண்டிக்கு வண்டி பேசும் இருவழிக் கருவியை) வாங்கி 40-வது அலைவரிசையில் வைத்தால் லாரி ஓட்டுநர்கள் கடக்கப் போவதைச் சொல்வார்கள், கேரவன்காரர்கள் பேசிக்கொள்வது 18-இல்.

புறப்படும் முன் இருவரும் தனித்தனியாக ஒருமுறை கேரவனைச் சுற்றி வாருங்கள்: கொக்கியின் பூட்டு, கொக்கிக்குக் கீழே குறுக்காக மாட்டிய இரண்டு சங்கிலிகள், மின்கம்பி, தூக்கிய முன்சக்கரம், மடித்த படி, மூடிய கூரைச் சன்னல், எரியும் பிரேக் விளக்குகள். புறப்பட்டு அரை மணி நேரத்தில் வரும் முதல் ஓய்விடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். எல்லாம் ஒரே அளவு வெதுவெதுப்பாக இருந்தால் போகலாம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் பேரிங்கோ பிரேக்கோ பிடித்துக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து நகராமல் பழுது பார்ப்பவரை அழையுங்கள்.